டபுள் தைமிடின் பிளாக்: செல்களை ஒரே கட்டத்துக்குக் கொண்டுவரும் முழுமையான வழிகாட்டி

ஒரு டிஷ்ஷில் வளரும் ஹீலா செல்களை (மனிதப் புற்றிலிருந்து வந்த ஆய்வகச் செல்கள்) எப்போது எடுத்துப் பார்த்தாலும் கலவையாகத்தான் இருக்கும். பாதிக்கும் மேல் நகலெடுப்புக்கு முந்தைய ஜி1 கட்டத்தில் இருக்கும், ஒரு பகுதி எஸ் கட்டத்தில் டிஎன்ஏவை நகலெடுத்துக்கொண்டிருக்கும், சில நகலெடுப்பை முடித்து ஜி2-இல் இருக்கும், சில எம் கட்டத்தில் பிரிந்துகொண்டிருக்கும். உங்கள் புரதம் எஸ் கட்டத்தில் கூடுகிறதா, ஜி2-இல் குறைகிறதா என்று இந்தக் கலவையை வைத்துச் சொல்ல முடியாது. எல்லாச் செல்களையும் ஒரே கோட்டில் நிறுத்தி, ஒன்றாக ஓடவிட்டு, மணிக்கு மணி எடுக்க வேண்டும். அதற்கு விலை குறைந்த, பல ஆய்வகங்களில் புழங்கும் வழி தைமிடின். அதை இரண்டு முறை கொடுத்துச் செல்களைத் தடுத்து நிறுத்துவதுதான் டபுள் தைமிடின் பிளாக்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது பிபெட் பிடிப்பதில் இல்லை. 18 மணி நேரம் பிளாக், 9 மணி நேரம் இடைவெளி, 15 மணி நேரம் மறுபடி பிளாக் என்று எங்கோ பார்த்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்வதில்தான். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. அதனால் இந்த வழிகாட்டியில் முதல் இரண்டு பகுதிகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. தைமிடின் செல்லுக்குள் என்ன செய்கிறது

தைமிடின் ஒரு நியூக்ளியோசைடு. தைமின் என்ற காரத்தோடு டிஆக்சிரிபோஸ் சர்க்கரை சேர்ந்தது, அவ்வளவுதான். பாஸ்பேட் கிடையாது. அதனால்தான் செல் சவ்வில் உள்ள நியூக்ளியோசைடு கடத்திகள் வழியாக உள்ளே போக முடிகிறது. பாஸ்பேட் ஏறிய நியூக்ளியோடைடை மீடியத்தில் ஊற்றினால் மின்சுமை காரணமாக அது அப்படியே உள்ளே போகாது.

உள்ளே போனதும் தைமிடின் கைனேஸ் 1 என்ற நொதி அதற்கு முதல் பாஸ்பேட்டைச் சேர்க்கும். அடுத்தடுத்து இரண்டு பாஸ்பேட் ஏறி அது டிடிடிபி ஆகும். டிஎன்ஏ கட்ட வேண்டிய நான்கு கற்களில் ஒன்று இது. சாதாரண அளவில் இது செல்லுக்கு நல்லதே.

2 மில்லிமோலார் அளவுக்குத் தைமிடின் கொடுக்கும்போது கதை மாறுகிறது. டிடிடிபி அளவு மீறிச் சேர்கிறது. அது ரிபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் என்ற நொதியில் ஒட்டி, சிடிபி என்ற மூலக்கூறை டிஎன்ஏவுக்கு உதவும் டிஆக்சி வடிவத்துக்கு மாற்றும் வேலையை அடக்கிவிடுகிறது. விளைவு, அதிலிருந்து வர வேண்டிய இன்னொரு கல்லான டிசிடிபி வற்றிப்போகிறது. நான்கில் ஒரு கல் இல்லாவிட்டால் நகலெடுப்பு நகராது. செல் சாவதில்லை, எஸ் கட்டத்தின் வாசலில் காத்திருக்கிறது.

இந்தச் சங்கிலியிலிருந்தே மூன்று நடைமுறை விஷயங்கள் வருகின்றன. ஒன்று, தைமிடின் கைனேஸ் இல்லாத செல்களில் இது வேலை செய்யாது. 143பி டிகே மைனஸ் எலும்புப் புற்று செல்கள் அப்படிப்பட்டவை. இரண்டு, டைபிரிடமோல் போல நியூக்ளியோசைடு கடத்தியை அடைக்கும் மருந்து உங்கள் சோதனையில் இருந்தால் தைமிடின் உள்ளேயே போகாது. மூன்று, குறைவது டிசிடிபி என்பதால், விடுவிக்கும்போது செல் டிசிடிபி செய்துகொள்ள உதவும் டிஆக்சிசைட்டிடின் கொஞ்சம் கொடுத்தால் செல்கள் சட்டென்று கிளம்பும்.

2. உங்கள் செல்லின் மணிக்கணக்கைப் போடுங்கள்

தைமிடின் போட்டவுடன் எல்லாச் செல்லும் எஸ் வாசலில் நின்றுவிடாது. ஏற்கெனவே எஸ் கட்டத்தின் நடுவில் இருந்தவை நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். ஜி2, எம், ஜி1-இல் இருந்தவை மட்டும் தொடர்ந்து ஓடி வாசலுக்கு வந்து நிற்கும். ஆக, முதல் பிளாக்கின் முடிவில் செல்கள் எஸ் கட்டத்தின் தொடக்கம் முதல் இறுதி வரை பரவிக் கிடக்கும். அதனால்தான் இரண்டாவது பிளாக் தேவைப்படுகிறது.

ஹீலாவைத் தோராயமாக 22 மணி நேரச் சுழற்சி என்று வைப்போம். எஸ் 8 மணி, ஜி2 3 மணி, எம் 1 மணி, ஜி1 10 மணி. எஸ் தவிர்த்த மீதி 14 மணி.

முதல் பிளாக்: போடும் நொடியில் எஸ் கட்டத்தை அப்போதுதான் முடித்த செல் ஒன்று இருக்கும். அது முழுச் சுற்று வந்து வாசலை அடைய 14 மணி வேண்டும். ஆகவே பிளாக் 14 மணிக்குக் குறையக் கூடாது. 18 என்பது பாதுகாப்புக்குக் கூட்டியது.

இடைவெளி: வாசலில் நின்ற செல் எஸ் கட்டத்தை முழுதாகக் கடக்க 8 மணி வேண்டும். அதே சமயம், எஸ் இறுதியில் சிக்கியிருந்த செல் 14 மணி ஆனால் அடுத்த எஸ் கட்டத்துக்குள் நுழைந்துவிடும். எனவே இடைவெளி 8-ஐவிடக் கூடுதலாகவும் 14-ஐவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். 9 மணி அப்படி வந்ததுதான்.

இரண்டாவது பிளாக்: 9 மணி முடிவில் கடைசியாக வரும் செல் ஜி2-இல் ஒரு மணி நேரம்தான் கடந்திருக்கும். அது வாசலுக்கு வர இன்னும் 13 மணி. 15 மணி கொடுத்தால் எல்லாம் வந்து சேரும்.

இப்போது உங்கள் செல்லின் சுழற்சி 30 மணி, எஸ் 10 மணி என்று வைத்துப் பாருங்கள். மீதி 20. முதல் பிளாக் 20-க்கு மேல், இடைவெளி 10-க்கும் 20-க்கும் நடுவில், சரி, 12 என்று வைப்போம். இரண்டாவது பிளாக் 18-க்கு மேல். இந்தச் செல்லுக்கு 9 மணி இடைவெளி கொடுத்தால் எஸ் கட்டத்தை முடிக்காத செல்கள் மறுபடி நடுவிலேயே மாட்டும். செல்களின் டிஎன்ஏ அளவை வைத்து வரும் கடைசிப் படத்தில் இரண்டு கூட்டமாகத் தெரியும். “தைமிடின் சரியில்லை” என்று புதுப் பாட்டில் வாங்கியவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

செல்கள் இரட்டிப்பாகும் நேரம், அதாவது சுழற்சி நேரம், தெரியாவிட்டால், நன்றாக வளரும் நிலையில் 24 மணி இடைவெளியில் இரண்டு முறை எண்ணுங்கள். இடைவெளியை 0.693-ஆல் பெருக்கி, இரண்டு எண்ணிக்கைகளின் விகிதத்தின் இயல் மடக்கையால் வகுத்தால் கிடைத்துவிடும்.

3. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

முதலில் மைக்கோபிளாஸ்மா சோதனை, அதாவது செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் பாக்டீரியா இருக்கிறதா என்ற சோதனை. இதைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். தைமிடின் வேலையில் தள்ளிப்போடவே கூடாது. மைக்கோபிளாஸ்மாவிடம் தைமிடினைத் தைமினாக உடைக்கும் நொதி இருக்கிறது. நீங்கள் போடும் மருந்தை அது தின்றுகொண்டிருந்தால் பிளாக் எப்படி நிற்கும்? புனே தேசிய உயிரணு அறிவியல் மையம் போன்ற செல் வங்கியிலிருந்து வந்த குப்பியானாலும், உங்கள் இன்குபேட்டரில் சில மாதம் இருந்துவிட்டால் மறுபடி சோதியுங்கள்.

அடுத்து பாட்டிலைப் பாருங்கள். மூலக்கூறு எடை 242.2 என்று இருக்க வேண்டும். 126.1 என்று இருந்தால் அது தைமின், வெறும் காரம். நம் செல்களால் அதைச் சரியாகப் பயன்படுத்த முடியாது. ஆர்டர் போடும்போது நடக்கும் இந்தக் குழப்பம் ஒரு வாரத்தையே விழுங்கும்.

ஸ்டாக் (பிறகு நீர்க்கச் செய்யும் செறிந்த கரைசல்): 10 மி.லி.க்கு 242 மி.கி. எடுத்து, பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கரைத்தால் 100 மில்லிமோலார். குளிர்ந்த பிபிஎஸ்ஸில் மெதுவாகத்தான் கரையும். 37 டிகிரி வாட்டர் பாத்தில் வைத்து அவ்வப்போது ஆட்டுங்கள். முழுதாகக் கரைந்த பிறகே 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுங்கள். கரையாமல் வடிகட்டினால் மீதித் தைமிடின் ஃபில்டரிலேயே தங்கிவிடும், உங்கள் 100 என்ற கணக்கு பொய்யாகிவிடும்.

2 மி.லி. பகுதிகளாகப் பிரித்து மைனஸ் 20-இல் வையுங்கள். வெளியே எடுக்கும்போது அடியில் படிகம் தெரியலாம். பயப்பட வேண்டாம், 37 டிகிரியில் சூடாக்கினால் கரையும். ஆனால் படிகம் அடியில் இருக்கும்போதே மேலாக உள்ள நீரை மட்டும் எடுத்துப் போடக் கூடாது.

இவை தவிர, வெதுவெதுப்பான பிபிஎஸ், ஒட்டிய செல்லைப் பெயர்க்கும் டிரிப்சின், குளிர்ந்த எத்தனால், டிஎன்ஏ சாயமான புரோபிடியம் அயோடைடு, ஆர்என்ஏவை உடைக்கும் ஆர்என்ஏஸ் ஏ. செல் செல்லாகச் சாயத்தின் அளவைப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் நேரம் முன்பதிவு செய்துவிடுங்கள்.

4. கால அட்டவணையைக் கடைசியிலிருந்து எழுதுங்கள்

அறுவடை நாள்தான் நீளமானது, அதனால் அங்கிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். முதலில் விதைக்கும் நேரத்தை முடிவு செய்தால், இரண்டாவது விடுவிப்பு நள்ளிரவில் வந்து நிற்கும். ஹீலாவுக்கு வசதியாக அமையும் ஒரு வாரம் இது:

திங்கள் மாலை 4: விதைப்பு.
செவ்வாய் மாலை 4: முதல் பிளாக்.
புதன் காலை 10: கழுவி விடுவிப்பு. 18 மணி.
புதன் இரவு 7: இரண்டாவது பிளாக். 9 மணி.
வியாழன் காலை 10: இறுதி விடுவிப்பு. 15 மணி.
வியாழன் காலை 10 முதல் இரவு 10 வரை: விடுவித்ததிலிருந்து 0, 2, 4, 6, 8, 9, 10, 12 மணி நேரங்களில் அறுவடை.

9-ஆம் மணியை நடுவில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. ஹீலாவில் செல் பிரிதல், மேலே வைத்த தோராயக் கணக்கைவிடச் சற்று முன்னதாக, பெரும்பாலும் 9, 10 மணியை ஒட்டி உச்சத்துக்கு வரும். எம் கட்டம் ஒரு மணி நேரம்தான் என்பதால், 2 மணி இடைவெளியில் எடுத்தால் உச்சம் நழுவிவிடும்.

5. விதைப்பு

ஒவ்வொரு நேரத்துக்கும் தனி டிஷ். ஒரே டிஷ்ஷிலிருந்து பகுதி பகுதியாக எடுக்க நினைக்காதீர்கள். 60 மி.மீ. டிஷ்ஷில் 5 மி.லி. மீடியத்தில் சுமார் 3 லட்சம் ஹீலா செல்கள் போதும். பிளாக் போடும்போது 25 முதல் 30 சதவீதப் பரப்பு நிரம்பியிருந்தால் நல்லது.

கூட்டமாக விதைத்தால் அறுவடைக்குள் டிஷ் நிரம்பிவிடும். நெருக்கடியில் வளர்ச்சி மந்தமாகும், விடுவித்தாலும் ஒன்றாகக் கிளம்பாது.

கன்ட்ரோல் டிஷ்ஷை மறந்துவிடுகிறார்கள், அல்லது தப்பாக வைக்கிறார்கள். தைமிடின் படாத டிஷ் திங்கள் மாலையிலிருந்து வியாழன் காலை வரை தடையில்லாமல் பெருகும். 66 மணி, அதாவது மூன்று இரட்டிப்பு. மற்றவற்றுக்கு இணையாக விதைத்தால் அது வியாழக்கிழமை நிரம்பி வழிந்து, ஜி1 அளவுக்கு மீறித் தெரியும். பிறகு ஒப்பிடவே முடியாது. அதற்கு மூன்றில் ஒரு பங்கு செல்லை விதையுங்கள்.

6. முதல் பிளாக்

வெதுவெதுப்பான மீடியத்தில் மி.லி.க்கு 20 மைக்ரோலிட்டர் ஸ்டாக் வீதம் ஒரே குழாயில் மொத்தமாகக் கலந்து, பழைய மீடியத்தை எடுத்துவிட்டு இதை ஊற்றுங்கள். இறுதி அளவு கிட்டத்தட்ட 2 மில்லிமோலார் வரும்.

டிஷ்ஷில் நேராகச் சொட்டுவிடுவது வேண்டாம். விழுந்த இடத்தில் அடர்த்தி அதிகம், ஓரத்தில் குறைவு. டிஷ்ஷுக்கு டிஷ் அளவும் மாறும்.

7. இடைவெளி: கழுவுவதே பாதி வேலை

ஒரு கணக்கைப் பாருங்கள். மீடியத்தை உறிஞ்சிய பிறகும் 60 மி.மீ. டிஷ்ஷில் 0.2 மி.லி. தங்குகிறது என்று வைப்போம். கழுவாமல் 5 மி.லி. புது மீடியம் ஊற்றினால் அதில் 77 மைக்ரோமோலார் தைமிடின் இருக்கும். 5 மி.லி. பிபிஎஸ்ஸால் ஒரு முறை கழுவி ஊற்றினால் 3 மைக்ரோமோலார். இரண்டு முறை கழுவினால் 0.1. மூன்றாவது கழுவலில் பெரிய லாபம் இல்லை, ஆனால் ஒரே கழுவலோடு நிறுத்தினால் விடுவிப்பு இழுத்தடிக்கும்.

பிபிஎஸ், மீடியம் இரண்டும் 37 டிகிரியில் இருக்கட்டும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்து ஊற்றினால் செல்கள் சில நிமிடம் ஸ்தம்பிக்கும், அந்தத் தாமதம் டிஷ்ஷுக்கு டிஷ் மாறும். ஒன்பது டிஷ்ஷையும் ஒன்றாக வெளியே எடுத்து வைக்காதீர்கள். மூன்று மூன்றாக எடுத்து, ஒவ்வொரு டிஷ் மூடியிலும் விடுவித்த நிமிடத்தை எழுதுங்கள்.

விடுவிக்கும் மீடியத்தில் 24 மைக்ரோமோலார் டிஆக்சிசைட்டிடின் சேர்க்கலாம். கட்டாயம் இல்லை. செல்லுக்குள் இன்னும் டிடிடிபி மிச்சமிருந்தாலும், டிசிடிபி குறையை இது நேராக நிரப்பிவிடும். கிளம்பும் நேரம் டிஷ்ஷுக்கு டிஷ் வேறுபட்டால் இதை முயன்று பாருங்கள்.

எச்இகே 293 போல லேசாக ஒட்டும் செல்லாக இருந்தால், பிபிஎஸ்ஸை டிஷ் சுவரில் சாய்த்து ஊற்றுங்கள். மிதக்கும் செல்களுக்கு ஒவ்வொரு கழுவலும் ஒரு சென்ட்ரிஃபியூஜ் சுற்று.

8. இரண்டாவது பிளாக்

முதல் முறை போலவேதான். இங்கே நேரம் மட்டும் பிசகக் கூடாது. 9 மணி என்பது 8-ஐ ஒட்டிய எண். “வீட்டுக்குப் போகும் முன் போட்டுவிடலாம்” என்று விடுவித்த 7 மணி நேரத்திலேயே தைமிடின் ஊற்றினால், எஸ் கட்டத்தைக் கடைசியாக முடிக்கும் செல்கள் உள்ளேயே அடைபடும். தாமதமாகப் போடுவது அவ்வளவு கெடுதல் இல்லை. 10, 11 மணி நேரம் வரை ஹீலா தாங்கும்.

9. இறுதி விடுவிப்பும் அறுவடையும்

0 மணி டிஷ்ஷை விடுவிக்காமல் அப்படியே அறுவடை செய்யுங்கள். மற்றவற்றை முன்போல இரண்டு முறை கழுவி, புது மீடியம் ஊற்றுங்கள்.

பலர் கோட்டை விடுவது அறுவடையில். பிரிந்துகொண்டிருக்கும் செல் உருண்டையாகி, டிஷ்ஷை லேசாகத்தான் பிடித்திருக்கும். வழக்கம்போல மீடியத்தை உறிஞ்சிக் கொட்டி, பிபிஎஸ்ஸால் கழுவி அதையும் கொட்டினால், நீங்கள் தேடிவந்த செல்களே போய்விடும். 9, 10 மணி மாதிரிகளில் எம் கட்டமே இல்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். மீடியம், கழுவிய பிபிஎஸ், டிரிப்சினில் பெயர்ந்த செல் மூன்றையும் ஒரே குழாயில் சேருங்கள். எல்லா நேரங்களுக்கும் இதே முறைதான், 8-க்குப் பிறகு மட்டும் என்று வைக்காதீர்கள்.

சென்ட்ரிஃபியூஜில் 300 ஜி (ஈர்ப்பு விசையின் 300 மடங்கு) வேகத்தில் 5 நிமிடம் சுற்றி, செல்களை 300 மைக்ரோலிட்டர் பிபிஎஸ்ஸில் நன்றாகக் கலைத்துவிடுங்கள். பிறகு குழாயை மெதுவாக வோர்டெக்ஸில் வைத்துக்கொண்டே 700 மைக்ரோலிட்டர் குளிர்ந்த எத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் செல்கள் கட்டிதட்டிவிடும், அப்புறம் எதைச் செய்தும் பிரிக்க முடியாது. மைனஸ் 20-இல் இரவு முழுவதும் இருக்கட்டும்.

புரதமும் பார்க்கப்போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு நேரத்துக்கும் இரண்டு டிஷ் வையுங்கள். எத்தனாலில் போட்டதை, புரத அளவு பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டுக்குத் திருப்பிக்கொள்ள முடியாது.

10. சாயம்

எத்தனாலில் ஊறிய செல்கள் எளிதில் படியாது. 500 ஜி-யில் சுற்றுங்கள், மேல்நீரை உறிஞ்சும்போது கொஞ்சம் மிச்சம் விடுங்கள். பிபிஎஸ்ஸால் ஒரு முறை கழுவி, மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் புரோபிடியம் அயோடைடும் 100 மைக்ரோகிராம் ஆர்என்ஏஸ் ஏ-வும் உள்ள பிபிஎஸ்ஸில் கலைத்து, 37 டிகிரியில் இருட்டில் 30 நிமிடம் வையுங்கள்.

இந்தச் சாயம் டிஎன்ஏவோடு நிற்பதில்லை, இரட்டை இழையாக மடிந்த ஆர்என்ஏவிலும் ஒட்டும். ஆர்என்ஏஸ் இல்லாவிட்டால் உச்சிகள் அகன்று ஜி1 எங்கே முடிகிறது, எஸ் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கையுறை கட்டாயம்.

11. படத்தை வாசிப்பது

கன்ட்ரோலை முதலில் ஓட்டுங்கள். ஜி1 உச்சி ஓர் இடத்தில், ஜி2 உச்சி அதன் இருமடங்கில். அளவுகோல் நேர்கோட்டு அளவில் இருக்க வேண்டும், மடக்கை அளவில் அல்ல. ஒட்டிக்கொண்ட இரண்டு ஜி1 செல்கள் ஒரு ஜி2 செல் மாதிரியே தெரியும் என்பதால், ஒவ்வொரு செல்லின் சாய ஒளித் துடிப்பின் பரப்பை அதன் அகலத்துக்கு எதிராக வரைந்து இரட்டைகளை வெளியேற்றுங்கள். இதைச் செய்யாமல் ஜி2 சதவீதம் சொல்வதில் அர்த்தமில்லை.

நல்ல பிளாக் என்றால் 0 மணியில் ஒரே உச்சி, ஜி1 இடத்தில், வலப்பக்கம் சற்றே சாய்ந்து. 4 மணியில் அந்தக் கூட்டம் நடுவில் நகர்ந்திருக்கும். 8-இல் ஜி2 இடத்தில். 10, 12-இல் மறுபடி இடப்பக்க உச்சி வளரும். 0 மணி படத்தில் நடுவில் ஒரு மேடு நின்றால் இடைவெளி போதவில்லை. 4 மணியிலும் உச்சி நகரவில்லை என்றால் கழுவல் சரியில்லை. 0 மணியே கன்ட்ரோல் மாதிரி இருந்தால் பாட்டில், ஸ்டாக், மைக்கோபிளாஸ்மா, இந்த வரிசையில் தேடுங்கள்.

ஜி2-வையும் எம்-ஐயும் இந்தச் சாயம் பிரித்துக் காட்டாது, இரண்டிலும் டிஎன்ஏ அளவு ஒன்றுதான். அதற்கு ஹிஸ்டோன் எச்3-இல் செரீன் 10 பாஸ்பேட்டுக்கான ஆன்டிபாடி வேண்டும். வெஸ்டர்னில், செல் சுழற்சியோடு ஏறி இறங்கும் புரதங்களான சைக்ளின்களில், சைக்ளின் ஈ தொடக்கத்தில் உயர்ந்தும், சைக்ளின் பி1 ஜி2-எம் பக்கம் உயர்ந்தும் வந்தால் உங்கள் நேரக்கணக்கு சரி.

ஒரு பொறி. 0 மணியில் நகலெடுப்பு நின்றிருக்கிறதா என்று புதிய டிஎன்ஏவில் ஏறி அடையாளம் காட்டும் ஈடியூ கொடுத்துப் பார்க்க ஆசைப்படுவார்கள். ஈடியூவும் தைமிடினின் உருமாறிய வடிவம்தான். மீடியத்தில் 10 மைக்ரோமோலார் ஈடியூ இருக்கும்போது தைமிடின் அதைப்போல 200 மடங்கு இருக்கிறது. நகலெடுப்பு நடந்தாலும் ஈடியூ ஏறாது, நீங்கள் “பிளாக் அருமை” என்று எழுதிவிடுவீர்கள். இதே வேலைக்குப் பயன்படும் பிஆர்டியூவுக்கும் இதே கதைதான். ஈடியூவைத் தைமிடின் கழுவிய பிறகு மட்டும் கொடுங்கள்.

12. எங்கே இதை நம்பக் கூடாது

நின்றுபோவது டிஎன்ஏ நகலெடுப்பு மட்டும். செல் புரதமும் ஆர்என்ஏவும் செய்துகொண்டேதான் இருக்கும், உருவத்தில் பெருக்கும். ஆகவே செல்லின் பருமன், வளர்ச்சி வேகம் போன்றவற்றை இந்த முறையில் அளந்தால் பதில் திரிந்துதான் வரும்.

நீண்ட பிளாக் நகலெடுப்பு நெருக்கடியை உண்டாக்கி, டிஎன்ஏ சேதக் குறிகளை எழுப்பும். உங்கள் கேள்வியே டிஎன்ஏ பழுதுபார்ப்பைப் பற்றியது என்றால் வேறு வழி தேடுங்கள். ஆர்பிஇ-1 என்ற விழித்திரைச் செல்களில் பால்போசிக்ளிப் என்ற மருந்தைக் கொடுத்து ஜி1-இல் நிறுத்துவது பலர் கைக்கொள்ளும் மாற்று. சுழற்சி நீண்ட செல்களுக்கும் அதுவே மேல். அவற்றுக்குத் தேவைப்படும் நீண்ட பிளாக் இரண்டைச் செல்லின் மேல் சுமத்த வேண்டியதில்லை.

உங்களுக்கு வேண்டியது எம் கட்டச் செல்கள் மட்டும் என்றால், இரண்டு பிளாக்கும் தேவையில்லை. 2 மில்லிமோலார் தைமிடின் 24 மணி, கழுவி 3 மணி விடுவிப்பு, பிறகு செல்லை எம் கட்டத்தில் நிறுத்தும் நோகோடசோல், மி.லி.க்கு 100 நானோகிராம், 12 மணி. அதன் பின் டிஷ்ஷைப் பக்கவாட்டில் தட்டினால் உருண்டையான எம் கட்டச் செல்கள் மட்டும் மீடியத்துக்குள் பெயர்ந்து வரும். ஒட்டியிருப்பவற்றை டிரிப்சின் போட்டு எடுக்காமல் டிஷ்ஷோடு விட்டுவிடுங்கள்.